மதுவும் நரம்பு வளர்ச்சிக் காரணிகளும்

இத்தாலியின் 1938-ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி, தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, தையல் ஊசிகளைத் தீட்டிச் செய்த கருவிகளால் கோழிக் கருக்களை ஆராய்ந்தார். போற்றத்தக்க அந்த விடாமுயற்சியே, 1950-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், நரம்பிழைகளை வளரத் தூண்டும் புரதமான நரம்பு வளர்ச்சிக் காரணியை அவர் கண்டறிய வழிவகுத்தது. 1982-இல் ஈவ்-அலான் பார்டேயும் ஹான்ஸ் தோனனும் பன்றி மூளையிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பிடிஎன்எஃப் எனச் சுருக்கமாக வழங்கும் இது, நரம்பணுக்களைப் பிழைக்கச் செய்வதோடு அவற்றின் இணைப்புகளையும் வலுப்படுத்துகிறது.

மதுவால் விளையும் கேட்டையே பெரிதும் ஆராய்ந்துவந்த துறையில், கலிஃபோர்னியாவில் நரம்பியலாளர் டோரிட் ரான் குழுவினர் பிடிஎன்எஃப் பற்றி 2004-இல் வெளியிட்ட முடிவு புதிய திசையைக் காட்டியது. குறுகிய காலம் மதுவுக்கு உட்பட்ட சுண்டெலிகளில், பழக்கங்கள் உருவாவதில் பங்குகொள்ளும் மூளைப் பகுதியான வரியுடலத்தில், ராக்1 என்ற புரதம் நரம்பணுக்களின் உட்கருவுக்குள் நகர்வதன் வழியாக, பிடிஎன்எஃப் மரபணுவின் செயற்பாடு குறையாமல் கூடியது. இவ்வுயர்வு குடிக்கும் வேட்கைக்கு மூளையே இடும் தடை என்று அவர்கள் விளக்கினர். பின்னர் நடந்த ஆய்வில், பல வாரங்கள் தொடர்ந்து குடித்த சுண்டெலிகளிலோ வரியுடலத்தில் அந்த உயர்வு மறைந்தது, பெருமூளைப் புறணியில் பிடிஎன்எஃப் அளவும் குறைந்தது.