ரிவெஞ்சர்ஸ் டிராஜெடி: படிமங்களும் குறியீடுகளும்

இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் எழுந்த பழிவாங்கல் நாடகம். 1607-இல் ஆசிரியர் பெயரின்றி அச்சானது. நெடுங்காலம் சிரில் டர்னரின் படைப்பாகக் கருதப்பட்டது. இன்று ஆய்வாளர் பெரும்பாலோர் தாமஸ் மிடில்டனுடையது என்கின்றனர். கதை நிகழ்வது ஓர் இத்தாலிய அரண்மனையில்.

நாடகத்தின் உயிர்நாடி ஒரு மண்டையோடு. தன் இச்சைக்கு இணங்காத குளோரியானாவைக் கிழட்டுப் பிரபு நஞ்சிட்டுக் கொன்றிருக்கிறான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், அவள் காதலன் விண்டிசி அவளது மண்டையோட்டைக் கையில் ஏந்தியபடி முதற்காட்சியில் தோன்றுகிறான். நிலையாமையை நினைவூட்டும் மண்டையோடு அக்கால ஓவியங்களில் சாதாரணம். இங்கோ அதுவே கொலைக்கருவி ஆகிறது. மூன்றாம் அங்கத்தில் விண்டிசி அதற்கு ஆடை அணிவித்து, வாய்ப்பகுதியில் நஞ்சு தடவி, இருட்டான இடத்தில் நிறுத்துகிறான். பெண்ணென்று நம்பி முத்தமிடும் பிரபுவின் பற்களையும் உதடுகளையும் நஞ்சு அரிக்கிறது. ஒப்பனைக்கு அடியில் இருப்பது எலும்புதான் என்ற பழைய அறவுரை, மேடையில் இவ்வளவு கொடூரமாகக் காட்சியானது அரிது. அதே காட்சியில் வரும் பட்டுப்புழுப் படிமமும் கூர்மையானது: புழு தன்னைத் தேய்த்து நூற்கும் பட்டெல்லாம் மறையப்போகும் உடலுக்கே.

லுசுரியோசோ, காஸ்டிசா முதலிய கதைமாந்தர் பெயர்கள் காமம், கற்பு என்ற பண்புகளையே சுட்டுகின்றன. இடைக்கால அறநாடகத்தின் சாயல் இது. இறுதியில் வால்நட்சத்திரம் தோன்ற, முகமூடி நடனத்தினூடே கொலைகள் நிகழ்கின்றன. பிரபுவைக் கொன்றதைத் தானே பெருமையாகச் சொல்லி, விண்டிசி மரணதண்டனை பெறுகிறான்.