ராக் யாருடையது? ‘கல்ட் ஆஃப் பர்சனாலிட்டி’யை முன்வைத்து

ராக் இசை யாருடையது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, லிவிங் கலர் குழுவின் ‘கல்ட் ஆஃப் பர்சனாலிட்டி’ (1988) பாடலையோ அதன் வீடியோவையோ வாசிக்க முடியாது. நான்கு கறுப்பர்கள் ஹார்ட் ராக் வாசித்தது ஏன் ஒரு செய்தியாயிற்று? சிஸ்டர் ரோஸெட்டா தார்ப், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற இந்த வரிசை இல்லாமல் ராக் இல்லை. பிக் மாமா தார்ன்டன் பாடி 1953இல் வெளியான ‘ஹவுண்ட் டாக்’, 1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டாகத்தான் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சொத்தின் சொந்தக்காரனே திரும்பி வந்தபோது, ‘நீ யாரப்பா?’ன்னு வாசலில் நிறுத்தி விசாரித்த கதைதான் பிறகு நடந்தது.

1981 ஆகஸ்ட் 1இல் தொடங்கிய எம்.டி.வி. அப்படியொரு வாசல். கறுப்புக் கலைஞர்களை அது ஒதுக்குவதாக ரிக் ஜேம்ஸ் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். 1983இல் டேவிட் போவி அந்தச் சேனலின் தொகுப்பாளரிடமே, கேமராவுக்கு முன்னால், இதைக் கேட்டார். மைக்கேல் ஜாக்சனுக்குப் பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. ஆனாலும் ராக் வெள்ளையருக்கானது என்ற எண்ணம் அப்படியேதான் இருந்தது. கிதார் கலைஞர் வெர்னன் ரீட், விமர்சகர் கிரெக் டேட், கோண்டா மேசன் ஆகியோர் 1985இல் நியூயார்க்கில் பிளாக் ராக் கொயலிஷனை அமைத்தது இதை எதிர்த்துத்தான். அப்படியிருந்தும், ரீடின் லிவிங் கலர் குழு பெரிய கம்பெனிக்குள் நுழைய மிக் ஜாகரின் கை தேவைப்பட்டது. குழுவின் மாதிரிப் பதிவுகளில் இரண்டை அவர் தயாரித்துக் கொடுத்தார். வெள்ளை நட்சத்திரம் ஒருவரின் நற்சான்றிதழ் என்றே இதைச் சொல்லலாம்.

இனி பாடல். ‘தனிநபர் வழிபாடு’ இடதுசாரிகளுக்குப் பழகிய சொல்தான். 1956இல் சோவியத் கட்சியின் 20ஆம் காங்கிரஸில் குருஷ்சேவ், ஸ்டாலினை விமர்சிக்கக் கையாண்டது. பாடல் முசோலினி, கென்னடி, ஸ்டாலின், காந்தி எல்லாரையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது. கொலையாளியும் அகிம்சாவாதியும் ஒண்ணா? இது எல்லாவற்றையும் சமப்படுத்திவிடுகிற வெறும் பின்நவீனத்துவ விளையாட்டு என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படி வாசிக்கவில்லை. பாடலின் விசாரணை தலைவர்களின் கொள்கை பற்றியதல்ல. அவர்கள் பிம்பமாகும் விதம் பற்றியது. அதில் பார்ப்பவர்களாகிய நாமும் பங்காளிகள். தவிரவும், பாடல் திறப்பதே மால்கம் எக்ஸின் குரலில், 1963 நவம்பரில் டெட்ராய்ட்டில் அவர் ஆற்றிய உரையிலிருந்து. முடிவதோ ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் குரலில். அரசு அதிகாரத்தின் குரலுக்கு முன்பாக, அந்த அரசு அஞ்சிய ஒரு குரல் முந்திக்கொண்டு ஒலிக்கிறது. இந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

வீடியோவில் ஒரு சிறுமி தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். தலைவர்களின் பழைய படத்துண்டுகளும் குழுவின் மேடை நிகழ்ச்சியும் மாறிமாறி வருகின்றன. பிம்பத்தைச் சாடுகிற பாடல் பிம்பமாகத்தான் வந்தாக வேண்டியிருக்கிறது. பாடகர் கோரி குளோவரும் அதே திரையில் இன்னொரு வசீகர உருவம்தான். இந்த முரணை வீடியோ மறைக்கவில்லை என்பதே அதன் நேர்மை. ஆனால், திரையில் ஏற்கெனவே இடம் உள்ளவன் திரையைத் துறப்பதும், திரையே மறுக்கப்பட்டவன் அதற்குள் நின்று அதைக் கேள்வி கேட்பதும் ஒன்றல்ல.

எம்.டி.வி. 1989இல் இந்த வீடியோவுக்கு மூன்று விருதுகள் கொடுத்தது. 1990இல் கிராமியும் கிடைத்தது. சரி, கதவு திறந்துவிட்டதா? 1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சிகளில் இவர்களோடு மேடை பகிர்ந்தது கன்ஸ் அண்ட் ரோஸஸ். கறுப்பர், குடியேறியோர், தன்பாலினத்தோர் மீதான வசைகள் கொண்ட ‘ஒன் இன் எ மில்லியன்’ பாடலை முந்தைய ஆண்டு வெளியிட்ட குழு அது. வெர்னன் ரீட் மேடையிலிருந்தே அதைக் கண்டித்துப் பேசினார். அந்தப் பேச்சுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

2011இல் இதே பாடல் சி.எம். பங்க் என்ற மல்யுத்த நட்சத்திரத்தின் நுழைவிசை ஆயிற்று. 2013இல் ரெசில்மேனியா அரங்கில் குழுவே நேரில் வாசித்து அவரை வரவேற்றது. வழிபாட்டை விசாரித்த பாட்டே வழிபாட்டுக்கு மேளம்! முதலாளியம் எதையும் செரித்துவிடும் என்று இங்கே நாம் கைகழுவிவிடலாம். ஆனால் செரிக்காத ஒன்று மிச்சமிருக்கிறது. பாட்டை முதலிலிருந்து போடுகிற எவரும், கிதார் வெடிப்பதற்கு முன் மால்கம் எக்ஸின் குரலைக் கேட்டே ஆகவேண்டும். அந்தக் குரல் யாருடையது, எந்தக் கூட்டத்தில் பேசியது என்று சொல்லித்தருவது பாட்டின் வேலையல்ல, நம்முடையது.