பின்னணிச் சேவையின் பழைய சுதந்திரம்

2008ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆண்ட்ராய்டின் முதற்பதிப்பு வெளிவந்தபோது, செயலி திரையை விட்டு அகன்ற பின்னரும் அதன் ஒரு பகுதி ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம் என்னும் தாராளமான அனுமதி, ‘சர்வீஸ்’ என்ற பெயரால் அதன் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. அக்காலத்து ஐபோனோ, 2010இல் நான்காம் பதிப்பு வரும்வரை, பிறர் எழுதிய செயலிகளுக்கு அச்சலுகையை மறுத்தே வந்தது.

சுதந்திரம் வெகு சீக்கிரத்தில் துஷ்பிரயோகமாயிற்று. நினைவகம் குறைந்த வேளையிலும் தன் சேவையை நிறுத்தலாகாது என்று அமைப்பிடம் விண்ணப்பிக்க ஆதியில் ஒரு வசதி இருந்தது. அவசியமுள்ளவரும் இல்லாதவரும் அதைக் கையாண்டபடியால், 2009இல் வந்த 2.0 பதிப்பு அதைச் செல்லாததாக்கி, எளிதில் நிறுத்தப்படாத ‘முன்னணிச் சேவை’யாக நிலைக்க விரும்பும் சேவை பயனர் காண ஓர் அறிவிப்பை வைத்தே தீரவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்நாளில் பழுது தேடியவரின் கவலையெல்லாம் நிற்காத சேவையும், கைப்பேசியை உறங்கவிடாமல் பிடித்துவைத்து, பின் விடுவிக்க மறந்த ‘வேக்லாக்’கும், அவற்றால் விடிவதற்குள் தீர்ந்துபோகும் பேட்டரியுமே.

2015இல் 6.0 பதிப்பு ‘டோஸ்’ என்னும் உறக்கநிலையைக் கொணர்ந்ததும் கவலை தலைகீழாயிற்று. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசைவற்றுக் கிடக்கும் கைப்பேசியில் இணையத் தொடர்பு துண்டிக்கப்படும், வேக்லாக்குகள் பொருட்படுத்தப்படா, ஒத்திவைத்த வேலைகள் இடையிடையே அளிக்கப்படும் சிறு அவகாசத்தில் மட்டுமே நடைபெறும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. செயலி எழுதுபவருடைய கைப்பேசி எந்நேரமும் யூஎஸ்பி கேபிள் வழியே சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதால் அது உறங்குவதே இல்லை. ஆகவே வாடிக்கையாளரிடம் நள்ளிரவில் செத்துப்போகும் சேவை, எழுதியவர் மேஜையில் நிரபராதியாகக் காட்சியளிக்கும். கேபிளைக் கழற்றாமலே பேட்டரியில் ஓடுவதாகப் பாவனை செய்யவும், பலவந்தமாக உறக்கத்தில் ஆழ்த்தவும் கணினியிலிருந்து கைப்பேசிக்கு ஆணையிடும் ‘ஏடிபி’ கருவியில் கட்டளைகள் இருப்பது இதன் பொருட்டே.

2017இல் 8.0 பதிப்பு, பின்னணியிலிருந்து சேவை தொடங்குவதையே பெரும்பாலும் தடை செய்தது. முன்னணிச் சேவையென்று சொல்லித் தொடங்கினால் 5 வினாடிக்குள் அறிவிப்பைக் காட்ட வேண்டும், தவறினால் செயலியே வீழும். இவ்வீழ்ச்சிக்கேனும் கைப்பேசியின் நிகழ்வுகளைக் காட்டும் ‘லாக்கேட்’ பதிவில் காரணம் கிடைக்கும். கைப்பேசி உற்பத்தியாளர் சிலர் தம் இஷ்டப்படி சேர்த்த பேட்டரிச் சிக்கன விதிகளோ பெரும்பாலும் காரணம் கூறாமலே சேவையைக் கொல்லும். கூகுளின் கட்டுப்பாடுகள் செயலி எழுதியவர்கள் தேடிக்கொண்டவை என்பதே என் கருத்து. இவ்வுற்பத்தியாளர்களின் எதேச்சாதிகாரத்துக்கு அந்த நியாயமும் இல்லை.

2024இல் வந்த 15ஆம் பதிப்பிலோ, அதை இலக்காகக் கொண்ட செயலி பின்னணியில் இருக்கையில், தரவு ஒத்திசைக்கும் முன்னணிச் சேவைக்குக்கூட 24 மணி நேரத்தில் 6 மணி நேரமே அனுமதி.