படகு மின்கம்பியமைப்பு

படகு மின்கம்பியமைப்பு என்பது இயந்திரப் படகு ஒன்றில் மின்கலவடுக்கு (பேட்டரி), மின்னாக்கி, விளக்குகள், நீரிறைப்பி, வானொலிக் கருவி முதலியவற்றை இணைக்கும் மின்சுற்றுகளின் தொகுதி ஆகும். சிறு படகுகளில் இது பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்குகிறது. தானுந்தின் மின்னமைப்பை இது ஒத்திருப்பினும் இரண்டு வேறுபாடுகள் முதன்மையானவை. தானுந்தின் உலோக உடலே எதிர்மின் பாதையாகப் பயன்படுகிறது. மரத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆன படகில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கம்பிகள் செல்ல வேண்டும். மேலும், பழுதான தானுந்தைச் சாலையோரம் நிறுத்திவிடலாம். படகின் அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் இறைப்பி நின்றுபோனால் படகே மூழ்கக்கூடும்.

தென் தமிழகத்தில் இயந்திரப் படகுகள்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குச் செல்லும் வழியிலுள்ள வெண்ணமடைக் குளத்தில் சாரல் பருவத்தில் இயக்கப்படுபவை மிதிபடகுகளும் துடுப்புப் படகுகளுமே. இவற்றுக்கு மின்னமைப்பு தேவையில்லை. தென்காசி, வடகரை வட்டாரத்தினர் இயந்திரப் படகுகளைக் காண மேற்கே ஆரியங்காவு கணவாயைக் கடந்து தென்மலை நீர்த்தேக்கத்திற்கும் கொல்லத்திற்கும், தெற்கே கன்னியாகுமரிக்கும் செல்ல வேண்டும். கொல்லத்தை அடுத்த நீண்டகரையில்தான் 1953 இல் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கப்பட்டு, மீன்பிடிப் படகுகளில் இயந்திரம் பொருத்தும் முறை பரவியது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகளுள் ஒன்று பொதிகை மலையின் பெயரைக் கொண்டது.

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. 2017 க்கு முன் 45 நாட்களாக இருந்த இத்தடை பின்னர் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் காலமும் இதுவே என்பதால், பழைய கம்பிகளை முழுவதும் மாற்றுவதற்கு இதுவே ஏற்ற தருணம்.

பழுதின் இயல்பு

பழைய படகில் விளக்கு எரியவில்லை என்றால் விளக்கை மாற்றுவதே பலரது முதல் செயல். பெரும்பாலும் பழுது அங்கிருப்பதில்லை, இணைப்புகளில்தான் இருக்கும். இயந்திர அதிர்வால் முனைகள் தளர்கின்றன. ஈரமும் உப்பும் செப்பு இழைகளுக்கிடையே நுண்துளை ஈர்ப்பால் ஏறி, உறைக்குள் நெடுந்தூரம் வரை கம்பியைக் கறுக்கச் செய்கின்றன. வெளித்தோற்றத்தில் உறை புதிது போலவே இருக்கும். பல்லாண்டுகளில் வெவ்வேறு கைகள் முறுக்கி, நாடா சுற்றிச் சேர்த்த துண்டுக் கம்பிகள் இச்சிக்கலை மேலும் பெருக்குகின்றன.

இவ்வாறு கூடும் மின்தடை சிறிதாயினும் விளைவு பெரிது. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. அதாவது அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். இரவில் பிற கலங்கள் படகை அடையாளம் காண உதவும் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகளுக்கு இது அற்பமான இழப்பன்று.

பழுது கண்டறிதல்

முதலில் மின்கலவடுக்கு சோதிக்கப்பட வேண்டும். முழுதும் மின்னேற்றப்பட்டு ஓய்விலுள்ள 12 வோல்ட் ஈய-அமில மின்கலவடுக்கு சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்பது ஏறத்தாழப் பாதி மின்னேற்றம். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இல்லையெனில் மின்னாக்கியையோ அதன் இணைப்புகளையோ ஐயுறலாம்.

அடுத்த படியில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஓடாத இறைப்பியின் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட் காட்டும்; எனவே இறைப்பியே பழுது என முடிவு செய்வர். மல்டிமீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. ஒரேயொரு இழை மட்டும் அறுபடாமல் இருந்தாலும் அது முழு அழுத்தத்தைக் காட்டிவிடும். ஆகவே கருவியை இணைத்து, சுவிட்சைப் போட்ட நிலையிலேயே அளக்க வேண்டும். அளவியின் ஒரு முனையை மின்கலவடுக்கின் நேர்முனையிலும், மறுமுனையை இறைப்பியின் நேர்முனையிலும் வைத்தால், வழியில் இழக்கப்படும் அழுத்தம் நேரடியாகத் தெரியும். மறுமுனையை உருகி, சுவிட்சு என ஒவ்வோர் இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துகையில், அளவீடு எவ்விடத்தில் சட்டென்று குறைகிறதோ அவ்விடத்தில் பழுது உள்ளது. எதிர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். இப்பக்கம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

கம்பியின் பருமன்

ஏ.பி.ஒய்.சி. எனும் அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் ஈ-11 தரம், வழிகாட்டு விளக்கு, அடித்தள நீரிறைப்பி போன்ற இன்றியமையாதவற்றுக்கு அழுத்த இழப்பு 3 விழுக்காட்டிற்கு மிகலாகாது எனவும், பிறவற்றுக்கு 10 வரை இருக்கலாம் எனவும் கூறுகிறது. 5 ஆம்பியர் எடுக்கும் இறைப்பி 6 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். போகவும் வரவும் கம்பியின் நீளம் 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை 0.138 ஓம், இழப்பு 0.69 வோல்ட், அதாவது 5.7 விழுக்காடு. 2.5 சதுர மில்லிமீட்டரிலும் இழப்பு 3.4 ஆகிறது. 4 சதுர மில்லிமீட்டரில்தான் 2.2 ஆகக் குறைகிறது. வெப்பத்தைத் தாங்க மெல்லிய கம்பியே போதும் என்பதால் இக்கணக்கு எளிதில் புறக்கணிக்கப்படுகிறது.

மீள்கம்பியிடல்

பழைய கம்பிகள் அனைத்தையும் ஒருசேரப் பிடுங்குதல் தவறு. ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு கட்டி, வரைபடம் வரைந்த பின், ஒரு சுற்றை முடித்துச் சோதித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வேலைக்கு முன் மின்கலவடுக்கின் எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டுவது வழக்கம். நேர்முனையைக் கழற்றும்போது திருகி பிற உலோகத்தைத் தொட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது.

கம்பி வெள்ளீயம் பூசிய பல இழைச் செப்பாக இருத்தல் நன்று. வீட்டு மின்னிணைப்பில் பயன்பட்ட ஒற்றை இழைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். பற்றவைத்த இணைப்பும் முழுத்தீர்வன்று. ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் விளிம்பில் கம்பி ஒடிகிறது. உரிய கருவியால் நெரித்துப் பொருத்திய லக்குகளும் அவற்றின்மேல் பசையுள்ள வெப்பச்சுருக்கக் குழாயும் விரும்பத்தக்கவை. உருகி, கருவியைக் காப்பதற்கன்றிக் கம்பியைக் காப்பதற்கே உள்ளது. ஆதலால் அதை மின்கலவடுக்கிற்கு மிக அருகில் வைக்க வேண்டும்.

தீங்குகள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடித்தளத்தில் தேங்கும். தானுந்துக்கான தொடக்கி மோட்டாரோ மின்னாக்கியோ விலை குறைவு என்பதற்காக அங்கே பொருத்தப்பட்டால், அதன் தீப்பொறி வெடிப்பை உண்டாக்கலாம். தீப்பொறி வெளிவராதபடி மூடப்பட்ட கடற்பயன்பாட்டு வகையே அங்கு ஏற்றது. கரையிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுக்கும் படகுகளில் கசிவு ஏற்பட்டால், கடல்நீரைவிட நன்னீரில் நீந்துவோருக்கே ஆபத்து மிகுதி. நன்னீரைக் காட்டிலும் மனித உடல் மின்னை எளிதில் கடத்துவதே இதற்குக் காரணமாகும்.