பொருள்களின் வலை

வெவ்வேறு நிறுவனங்களின் இணையக் கருவிகளை வலைத் தரங்களைக் கொண்டு ஒன்றிணைக்கும் முறை. வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை உருவாக்கியது. தொழிற்சாலைகளில் 1979-இல் வந்த மோட்பஸ் நெறிமுறை இன்றும் ஓடுகிறது. பக்கத்திலேயே எம்க்யூடிடி, எச்டிடிபி நெறிமுறைகளில் பேசும் புதிய உணரிகளும் இருக்கின்றன. இவற்றை இணைக்க ஒவ்வொரு முறையும் தனி நிரல் எழுதுவதுதான் பெரிய தலைவலி.

இந்தத் தலைவலியைத் தீர்க்க வந்த பொருள்களின் வலையின் உயிர்நாடி 'பொருள் விவரிப்பு' என்னும் ஜேசன்-எல்டி வடிவக் கோப்பு. தண்ணீர் பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பநிலை ஒரு பண்பு; 'நிறுத்து' என்பது ஒரு செயல்; மோட்டார் சூடேறினால் வரும் எச்சரிக்கை ஒரு நிகழ்வு. ஒவ்வொன்றையும் எந்த முகவரியில், எந்த நெறிமுறையில் அணுகுவது, மதிப்பு எந்த அலகில் வரும் என்பதையும் கோப்பே சொல்லிவிடும். மோட்பஸ் பதிவேட்டில் வெறும் எண்ணாகக் கிடப்பது இங்கே பொருள் பெறுகிறது. பழைய பம்பில் கைவைக்கவே வேண்டாம் என்பதே இம்முறையின் ஆகப்பெரிய பலம்: விவரிப்பை வெளியிலிருந்து எழுதிச் சேர்த்தால் போதும்.

இம்முறையின் கட்டமைப்பும் பொருள் விவரிப்பும் 2020 ஏப்ரலில் டபிள்யூ3சி பரிந்துரைகளாயின. 2023 டிசம்பரில் 1.1 பதிப்புகளுடன், கருவிகளின் விவரிப்புகளைத் தேடிக் கண்டறியும் முறைக்கும் தரம் வந்தது.