பாலாற்று மணல் கூறும் சரித்திரம்

தெற்கே கருங்கற் குன்றுகளும் வடக்கே பாலாறும் எல்லையாக அமைந்த சத்துவாச்சாரியில் நின்று கோடைக்காலத்தில் ஆற்றை நோக்குகிறவர்க்குத் தென்படுவது நீரன்று. கரைமுதல் கரைவரை பரந்து, சூரிய கிரணத்தில் தகிக்கும் மணல்வெளியே. கர்நாடகத்து நந்தி மலைப் பிரதேசத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலை அடையும் இந்நதி, வருஷத்தின் பெரும்பகுதி பாலைநிலம் போலவே காட்சியளிக்கிறது. ஆயினும் அம்மணலும், கரையோரத்து வண்டலும், வயல்களின் கீழே புதைந்து கிடக்கும் கூழாங்கல் அடுக்குகளும், வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள ஊர்கள் எதனால் வாழ்ந்தன, எதனால் நலிந்தன என்பதைத் தெளிவாகக் கூறும் சாசனங்கள். அவற்றைப் படித்து வரைபடத்தில் எழுதும் வித்தை இந்நாட்டில் வளர்ந்த வரலாறு, நாம் அவசியம் அறிய வேண்டிய ஒன்று.

1851ஆம் ஆண்டில் தாமஸ் ஓல்டாம் தலைமையில் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தோன்றியபோது, அதன் முதற் கவனம் நிலக்கரியின் மீதே இருந்தது. பாறையின்மேல் படிந்த மண்ணும் மணலும், உள்ளிருக்கும் பொருளை மறைக்கும் போர்வையென்றே பெரிதும் எண்ணப்பட்டன. அந்த எண்ணத்தை மாற்றியதில் வறண்ட தேசங்களுக்குப் பெரும் பங்குண்டு. தாவரப் போர்வை அருகிய அந்நிலங்களில் பழைய நீரின் சுவடுகள் வெட்டவெளியில் பிரத்தியட்சமாகக் கிடந்தன. தாமஸ் ஓல்டாமின் புதல்வரான ஆர். டி. ஓல்டாம் 1886இல் பஞ்சாப் நதிகள் பூர்வத்தில் திசை மாறியதைப் பற்றியும், பாலையில் வறண்டு கிடக்கும் பழம்படுகைகளைப் பற்றியும் எழுதினார். அமெரிக்காவில் கில்பர்ட் என்னும் அறிஞர், பாலைவன மலைச்சரிவுகளில் படிகளாகத் தங்கிய சரளைத் திட்டுகளைக் கொண்டே, மறைந்துபோன போனவில் என்னும் மாபெரும் ஏரியின் சரித்திரத்தை 1890இல் நிறுவிக் காட்டினார்.

நம் பிரதேசத்தில் இவ்வாராய்ச்சியின் ஆதிகர்த்தர் ராபர்ட் புரூஸ் பூட். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து இவர் சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1802இல் பரங்கிமலையை ஒட்டி நில அளவையாளர் லாம்டன் அளந்த ஆதாரக் கோட்டிலிருந்து விரிந்த நில அளவையின் பயனாக ‘இந்தியன் அட்லஸ்’ தாள்கள் அச்சாகியிருந்தன. இடம் குறித்த அப்படங்களின்மேல் நிலத்தின் இயல்பைக் குறிப்பதே நிலவியலாரின் பணி. ஓடைகள் அறுத்த கரைகளையும் கிணறு வெட்டிய பக்கங்களையும் பார்த்து, எது பாறை, எது செம்பூராங்கல், எது வண்டல் என்று பிரித்து, ஒவ்வொன்றின் எல்லையையும் நடந்தறிந்து வரைவது எளிய காரியமன்று. 78ஆம் தாளில் அடங்கிய, பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வட ஆர்க்காடு ஜில்லாப் பகுதிகளைப் பற்றிய பூட்டின் அறிக்கை 1873இல் வெளியாயிற்று.

மேற்பரப்புப் படிவுகளை அலட்சியம் செய்யாத அந்தக் கண்ணுக்கே 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஆதி மனிதனின் கற்கருவி புலப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு அவர் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அவ்விடத்துப் பழங்கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத் தொன்மை உடையவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்டனர். அத்திரம்பாக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையைச் சார்ந்தது. பாலாறு முற்காலத்தில் காவேரிப்பாக்கத்துப் பக்கமாக வடகிழக்கே திரும்பி அந்த ஆற்றின் வழியே சென்றது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நதி இடம்பெயர்ந்தாலும் அதன் மணல் இடம்பெயர்வதில்லை; விண்கலப் படங்களில் இன்று புலனாகும் பழந்தடங்கள் அம்மணலின் தடங்களே.

இந்த ஞானம் ஏட்டளவில் நிற்பதன்று. பாலாற்றின் பெருநிதி அதன் மேலே ஓடும் வெள்ளமன்று, மணலுக்குள் தங்கும் நீரே. நம் முன்னோர் அதை உணர்ந்து, ஆற்றுப் படுகையிலேயே ஊற்றுக்கால்களை வெட்டி, மேலே வறண்ட ஆற்றிலிருந்து வயல்களுக்கு நீர் கொண்டுசென்றனர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டவர்களுக்கும் நீர் இன்றியமையாதது. ஆகவே பாலாற்றை ஒட்டிய ஊர்களில் அத்தொழில் வேரூன்றிப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளித்தது. ஆனால் நீரை எளிதில் உட்கொள்ளும் மணல், கழிவையும் அவ்வாறே உட்கொள்ளும். தோலைக் கெடாமல் காத்த உப்பும், பிற்காலத்தில் வந்த குரோமியமும் சுத்திகரிக்கப்படாத கழிவோடு வெளியேறின. உப்பு மண்வழியே கிணறுகளை அடைந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போன செய்தியைப் பதிவு செய்து, மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற தர்மத்தை நிலைநாட்டியது.

கட்டடங்களுக்காக மணலை அள்ளியபோதும், நீர் மணலுக்குள்ளேயே தங்குகிறது என்பதை நாம் மறந்தோம். மணல் போனால் நீரைத் தாங்கும் பாத்திரமே போய்விடுகிறது. அதைத் திரும்பச் சேர்க்க மனிதனால் ஆகாது. வெள்ளத்தையும் மறந்தோம். 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளமும், 2021 நவம்பரில் இருகரை தொட்டு ஓடிய வெள்ளமும், இந்த ஆறு இறந்துவிடவில்லை என்பதையும், வெள்ளச் சமவெளியின் எல்லையை வகுப்பது வீட்டுமனைப் பத்திரமன்று, வண்டலே என்பதையும் உணர்த்தின.

ஆகையால், எந்த இடத்தில் மணல் எத்தனை ஆழம், எங்கே களிமண் தடுக்கிறது, எங்கே பழம்படுகை மறைந்திருக்கிறது, எந்த வழியில் உப்பு பரவுகிறது என்று காட்டும் விரிவான படம், பாலாற்றங்கரைக் கிராமம் ஒவ்வொன்றின் பஞ்சாயத்து அலுவலகத்திலும், எளிய தமிழ் விளக்கத்தோடு, எல்லோரும் காணும்படி இருத்தல் வேண்டும். கிணறு வெட்டுகிறவரும், தொழிற்சாலை அமைக்கிறவரும், மனை பிரிக்கிறவரும், அனுமதி வழங்கும் அதிகாரியும் அதைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே கால்நடையாக அளந்து தொடங்கப்பட்ட அவ்வேலையைக் கிராமம் வரை கொண்டுசேர்ப்பது நம் தலைமுறையின் கடமை.