கொட்டகை வளர்த்த இசை

இசையை விரும்பாதார் உலகில் இலர். எனினும், எல்லா இசையையும் எல்லோரும் விரும்புவதில்லை. கற்றோர் ஒருவகை இசையைத் தமதென்பர். மற்றோர் வேறொருவகை இசையைத் தமதென்பர். இவ்விரு சாராரையும் ஒரே பந்தலின் கீழ் இருத்தி, இருவரையும் ஒருங்கே தலையசைக்கச் செய்யும் பாடகர் மிகச் சிலரே. அத்தகையோர் மேனாட்டிலும் தோன்றினர், நம்மவரிடையேயும் தோன்றினர். அவர்கள்பால் மக்கள் கொண்ட பெருவிருப்புக்குக் காரணம் யாது என்பதை வரலாற்று வழிநின்று ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டார் ‘ஒப்பெரா’ என வழங்குவது பாட்டினாலேயே நடத்தப்பெறும் நாடகம். ஏறக்குறைய 1600ஆம் ஆண்டளவில் இத்தாலியில் தோன்றியது. அதனைப் பாடுவோர் பல்லாண்டு குரற்பயிற்சி பெற்றவர்கள். ஒலிபெருக்கியின் துணையின்றி, வாத்தியக் குழுவின் முழக்கத்தையும் மேவி, கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் விழுமாறு பாட வல்லவர்கள். அவர்களுள் தலைசிறந்தவராக எண்ணப்பட்ட என்றிக்கோ கருசோ (1873–1921), தமது பிறந்த ஊராகிய நேப்பிள்சின் தெருக்களில் வழங்கிய பாட்டுக்களையும் இசைத்தட்டுக்களிற் பாடினார். அரண்மனைக்குரிய குரல் ஏழையின் வீட்டுத் திண்ணைக்கு இறங்கி வந்தது. 1990ஆம் ஆண்டு ஜூலை 7ஆந் திகதி, உலக உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு முதல்நாள் இரவு, உரோமாபுரியின் பழைய இடிபாடுகளிடையே பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்னும் மூவர் கூடிப் பாடியபோதும் இதுவே நிகழ்ந்தது. ஒப்பெராப் பாட்டும் மக்கள் பாட்டும் அம்மேடையில் அருகருகே ஒலித்தன. அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

நான் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் இந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை ஒருநாள் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பாடசாலைப் பாடகர் குழுவில் ஆங்கிலக் கீதங்களைப் பாடிப் பழகிய எனக்கு அது பெருவியப்பைத் தந்தது. வீடு சென்று என் பேரனாரிடம் அதனைப் புகழ்ந்து கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “உதைத்தான் மோனை எங்கட நடிகமணி விடிய விடியச் செய்தவர்” என்றார். நான் சிரித்தேன். பின்னர் ஆராயப் புகுந்தபோது, சிரித்தமைக்காக வெட்கப்பட்டேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

கொட்டகை வந்த கதை

உரோமாபுரியில் அம்மூவரும் பாடியபோது வாத்தியக் குழுவை நடத்தியவர் சுபின் மேத்தா. அவர் பம்பாயிற் பிறந்த பார்சி இனத்தவர். இதனை இங்கு கூறுவதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே பம்பாயில் இருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் இந்தியாவெங்கும் சென்றன. கடல் கடந்து கொழும்புக்கும் வந்தன. திரைச்சீலைகளும் ஒளி வித்தைகளும் துள்ளும் மெட்டுக்களும் அவர்களுடைய செல்வம். அவற்றைக் கண்டு சிங்களவர் ‘நூர்த்தி’ நாடகத்தை வளர்த்தனர். தமிழரோ அம்மெட்டுக்களைத் தம் இராகங்களோடு இணைத்தனர்.

அவ்விணைப்பைச் செம்மையுறச் செய்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அரிச்சந்திரன், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலாய நாடகங்கள் அவர் தந்தவை. 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை ஒன்றையும் அவர் அமைத்தார். அவருடைய நாடகத்தில் விருத்தம் ஒன்று தூய இராகத்தில் எழும். அடுத்து வருவது சிந்தாகவோ தெம்மாங்காகவோ பார்சி மெட்டாகவோ இருக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் இரண்டுக்கும் பொதுவாய் நின்றன. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் என்பதை அன்று ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

தமிழகத்துக் குழுக்கள் ஈழத்துக்கும் வந்தன. யாழ்ப்பாணத்தார் அந்நாடகத்தை ‘டிறாமா’ என்றும், ‘கொட்டகைக் கூத்து’ என்றும் அழைத்தனர். ஏற்கெனவே வட்டக்களரியில் நாட்டுக்கூத்தைக் கண்டு வளர்ந்த மக்கள் இதனை எளிதில் தமதாக்கிக் கொண்டனர்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) சிறுவயதிலேயே மேடையேறியவர். கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் (1908–1980) அத்தகையவரே. இருபதுகளின் பிற்பாதியில் இவ்விருவரும் சந்தித்து மேடையில் இணைந்தது நம் நாட்டின் அன்றைய தலைநகராகிய கொழும்பில் என்பது ஈழத்தவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அவர்களுடைய காலத்தில் மேடைக்கு ஒலிபெருக்கி இல்லை. திறந்த வெளியில் ஆயிரம் பேர் அமர்ந்திருக்க, உச்சச் சுருதியில் நின்று, சொற்கள் சிதையாமல், இராகம் வழுவாமல் பாடினர். ஆண் குரலுக்கு அரிய சுருதியில் கிட்டப்பா நின்றார். சுந்தராம்பாள் அவருக்கு ஈடுகொடுத்தார். சங்கீத வித்துவானுக்குரிய ஞானமும் தெருப்பாடகனுக்குரிய துணிவும் அவர்களிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

கிட்டப்பா இருபத்தேழாம் வயதில் இறந்தார். இருபத்தைந்து வயதே நிரம்பிய சுந்தராம்பாள் வெள்ளையுடை பூண்டு, மேடையை விட்டு ஒதுங்கினார். மீண்டும் அவரைக் கலைக்கு அழைத்து வந்தது ‘நந்தனார்’ திரைப்படம் (1935). ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்று, ஆண் வேடந்தாங்கி, அவர் நந்தனாராக நடித்தார். நந்தனுக்கு எசமானராகிய வேதியராக நடித்தவர் கருநாடக சங்கீதத்தில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சபையும் கொட்டகையும் ஒரே திரையில் நேருக்கு நேர் நின்றன.

அதன்பின் முசிறி சுப்பிரமணிய ஐயர் ‘துக்காராம்’ (1938) படத்திலும், ஜி. என். பாலசுப்பிரமணியமும் எம். எஸ். சுப்புலட்சுமியும் ‘சகுந்தலை’ (1940) படத்திலும் தோன்றினர். எம். கே. தியாகராஜ பாகவதரோ (1910–1959) மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். அவருடைய ‘ஹரிதாஸ்’ 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியாகி, சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாபநாசம் சிவன் இயற்றிய பாட்டுக்களை அப்படத்தில் அவர் பாடினார். இராகத்தின் பெயரே அறியாத வண்டிக்காரனும் அவற்றை இராகம் பிசகாமற் பாடினான்.

நம்மூர் நடிகமணி

இத்துணை பெருமையும் அக்கரைக்கே உரியதன்று. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அவர்கள் ‘வசந்த கான சபா’ என்னும் குழுவை அமைத்து, யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் தோறும் இசை நாடகத்தை எடுத்துச் சென்றார். நந்தனாராகவும் அவர் நடித்தார். ஆயினும் அவர் பெயரோடு பிரியாது நின்றது ‘மயான காண்டம்’. அதனை அவர் மேடையேற்றிய தடவைகள் ஆயிரக்கணக்கில் என்பர்.

பேரனார் தம் இளமையில் அதனைப் பலமுறை கண்டவர். பெற்றோல்மாக்ஸ் விளக்கின் வெளிச்சத்தில், மணலிற் பாய் விரித்து, பனிக்குத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்ததை இன்றும் கூறுவார். மறுநாள் வகுப்பில் தூங்கியதற்காக ஓர் ஆசிரியர் அவரை எழுப்பி, “கூத்தாடிகளின் பின்னே திரிபவன்” என்று எல்லோர் முன்னிலையிலும் ஏளனஞ் செய்தாராம். அறுபது ஆண்டுகள் கடந்தும் அச்சொல்லை அவர் மறக்கவில்லை.

படித்த குடும்பத்தவரும் மேடையேறலாம் என்று காட்டுவதற்குக் கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) போன்றோர் பெரும்பாடு பட்ட நாடு இது. கூத்தாடி என்னும் சொல்லில் தொழிலின் இழிவு மட்டுமன்றிச் சாதியின் இழிவும் கலந்திருந்தது. அதனை மறைத்துப் பயனில்லை.

ஈர்ப்புக்குக் காரணம்

இனி, இப்பாடகர் மக்களைக் கவர்ந்தமைக்குக் காரணம் காண்போம்.

முதலாவது, கதை இராகத்துக்கு உரை சொல்கின்றது. கச்சேரியில் முகாரியைக் கேட்பவனுக்கு அதனை அறியப் பயிற்சி வேண்டும். மயான காண்டத்திலோ, பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுமந்து வருகின்றாள். சுடலை காப்பவன் கூலி கேட்கின்றான். அவன் தன் கணவனென்பதை அவள் அறியாள். அவ்வேளை எழும் சோக இராகம் எதுவென்று கேட்பவனுக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அது நேரே அவன் நெஞ்சிற் பதிகின்றது. கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் இராகத்தின் சாரம், ஒரு விருத்தத்தில் சில நிமிடங்களில் அவனுக்குக் கிடைத்துவிடுகின்றது.

இரண்டாவது, பழகிய மெட்டு வாயிலாக அமைகின்றது. வயலிலும் தாலாட்டிலும் தான் கேட்ட மெட்டு மேடையில் ஒலிக்கும்போது, ‘இது எனக்குரிய இடம்’ என்று கேட்பவன் துணிந்து உள்ளே வருகின்றான். வந்தவன் அங்கே தோடியையும் கல்யாணியையும் கண்டு மகிழ்கின்றான்.

மூன்றாவதே தலையாயது. பல்லாண்டு பயின்ற குரல் எளிய பாட்டொன்றில் முழுவலிமையோடு இறங்கும்போது, அப்பாட்டுக்கு உரிய எளிய மனிதனும் மதிக்கப்படுகின்றான். கருசோ நேப்பிள்ஸ் பாட்டைப் பாடியபோது ஒப்பெராவுக்குச் செலவிடும் மூச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை. கிட்டப்பாவும் தெம்மாங்குக்கென்று தம் சுருதியைத் தாழ்த்தவில்லை. ‘உனக்கு இது போதும்’ என்று ஒதுக்காமல், ‘உனக்கும் இதுவே’ என்று அவர்கள் தம்மிடம் உள்ளதில் சிறந்ததைக் கொடுத்தனர். மக்கள் திரண்டது அந்த மதிப்புக்காகவே என்பது எனது துணிபு.

யாழ்ப்பாணத்தில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவு திறக்க வேண்டுமென்று மக்கள் போராட வேண்டியிருந்தது. நாதசுரக்காரரின் இராக ஆலாபனை கோயிலின் உள்வீதியில் ஒலித்த காலத்தில், உள்ளே செல்ல உரிமையற்றோர் நம்மிடையே ஆயிரவர் இருந்தனர். அவர்கள் எட்ட நின்றாயினும் இராகத்தை அதன் முழு அழகோடு கேட்ட இடம் கொட்டகையே. அங்கே அவர்கள் கண்டவை எவை? கோயிலுக்குள் செல்லத் தவித்த நந்தனின் கதை. புலையனுக்கு அடிமையாகிச் சுடலை காத்த மன்னனின் கதை. இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று கூற எவருக்கு மனம் வரும்?

ஓர் ஆட்சேபம்

பெரியோர் சிலர், “இக்கலப்பால் சங்கீதத்தின் தூய்மை கெடும்” என்பர். அக்கவலையை நான் இகழவில்லை. இன்று குரலின் குறையை இயந்திரம் திருத்தித் தருகின்றது. இரண்டு சுரங்களைத் தொட்டுவிட்டு இராகம் பாடியதாகச் சொல்வோரும் உளர். கோயில் மேளத்தில் நல்லதோர் இராகத்தை முடிக்க விடாமல் சினிமாப் பாட்டுக் கேட்டுச் சீட்டனுப்புவதையும் நாம் கண்டுள்ளோம். இரண்டையும் கல்லாமல் இரண்டையும் கலப்பது ஏமாற்றே.

ஆனால், இரண்டையும் கற்றோர் கலந்தபோது எதுவும் கெடவில்லை. தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் இடம் வேண்டுமென்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவ வேண்டியதாயிற்று. கொட்டகையோ அதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே இராகங்களைத் தமிழிற் பாடிக்கொண்டிருந்தது. இணுவிலைச் சேர்ந்த ந. வீரமணி ஐயர் (1931–2003) மயிலைக் கற்பகாம்பாள்மீது இயற்றிய இராகமாலிகையைத் திரையிசைப் பாடகர் டி. எம். சௌந்தரராஜன் பாடினார். கற்பகவல்லியை விளிக்கும் அப்பாட்டு ஒலிக்காத அம்மன் கோயில் எங்குண்டு? பால் வாங்க வந்த சிறுவனும் அதன்வழி இராகங்களை அறிந்தான். வித்துவானும் அதிற் குறை காணவில்லை. அதன் வேர் நம் இணுவில் மண்ணில் என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

நம் கடமை

மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றும் சங்கீதத்தை வளர்க்கின்றது. கற்றோரின் இசைக்கு இல்லம் உண்டு. கொட்டகைக்கு அது வாய்க்கவில்லை. நடிகமணி மறைந்த மறு ஆண்டில், 1990இல், வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். பிரதிகளும் ஒலிநாடாக்களும் உடைகளும் எத்தனையோ வீடுகளில் கைவிடப்பட்டன. பேரனாரும் தம்மிடம் இருந்த இரு ஒலிநாடாக்களை அவ்வாறே விட்டு வந்தார். ஊருக்கு மீண்டபோது வீட்டுக்குச் சுவரே இல்லை.

எனினும், திருவிழா இரவுகளில் மயான காண்டம் இன்றும் ஆடப்பெறுகின்றது. அதனை ஆடுவோருள் முதியோர் பலர். அவர்களை நாடிச் சென்று அவர்தம் பாட்டையும் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்தல் நம் சங்க இளைஞரால் இயலாத செயலன்று. எல்லோர் கையிலும் அதற்கான கருவி உண்டு. அடுத்த ஆண்டு விழாவில் ஓரிரவை இசை நாடகத்துக்கு ஒதுக்கி, கலைஞருக்கு மாலையிட்டு மேடையில் அமர்த்துதலும் நம்மால் இயலும்.

அன்று பேரனாரை முதல் வரிசையில் அழைத்துச் சென்று இருத்த விரும்புகின்றேன். விடியும்வரை அவர் விழித்திருப்பார். மறுநாட் காலையில் தூங்குவதற்காக அவரை எவரும் ஏளனஞ் செய்ய மாட்டார்கள்.